முதல் தட்டு ஆறுகிறது

விம்பிள்டன் நிலையத்துக்கு எதிரே, மலிவான ஸ்பானிய உணவகம் ஒன்றில் தனியாக அமர்ந்திருக்கிறேன். நாளைய சொற்போருக்கு முன் ஒரு வேளையாவது சூடாக, வயிறார உண்பது என்ற உறுதியோடு ஐந்து சிறு தட்டுகள் கேட்டிருக்கிறேன். தக்காளிக் குழம்பு ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவல் முதலில் வருகிறது. நான் தொடவில்லை, இலை நிறையுமுன் கை வைப்பது எங்கள் மதுரைப் பந்தியில் வழக்கமில்லை. பூண்டுக் காளான் வருகிறது. முட்டை அடையும் வருகிறது. உருளைக்கிழங்கில் ஆவி அடங்கிவிடுகிறது.

பரிமாறும் யாழ்ப்பாணத்துப் பெண் என் மேசையருகே நிற்கிறார்.

“என்ன தம்பி, படையலோ? ஆருக்குக் காத்திருக்கிறியள்?”

“மத்த ரெண்டும் வரட்டும்க்கா. எல்லாம் வைக்காம எப்படிச் சாப்பிடுறது?”

“இஞ்ச ஒண்டு ஒண்டாத்தான் வரும். வர வரச் சாப்பிட வேணும்.”

மறுப்புரை என் நாவில் ஆயத்தமாக இருக்கிறது. ஆறிய தட்டோ அவர் கட்சிக்குச் சாட்சி சொல்கிறது. மூன்றையும் மிச்சமின்றி உண்டு முடிக்கிறேன்.

“மத்த ரெண்டுக்கும் முன்னாடி உருளைக்கிழங்கு இன்னொரு தட்டு கொண்டு வாங்க. நாளைக்கு மேடையில பேசணும். அதைச் சூடாச் சாப்பிடாம எந்திரிக்க மாட்டேன்.”

“ஓம், ஓம். வாயைச் சுட்டுப்போடாதேங்கோ, பிறகு பேச ஏலாது!”

தட்டு ஆவியோடு வருகிறது. அது மேசையைத் தொடுமுன்பே முள்கரண்டியை ஏந்திவிடுகிறேன்.