ஆம்பூரிலிருந்து வேலூருக்கு, குதிரை வேர்க்காமல்

ஆம்பூரிலிருந்து வேலூருக்கு முப்பத்தொரு மைல். ரயிலில் போனால் காட்பாடியில் வண்டி மாறுகிற நேரத்தையும் சேர்த்து மூன்று மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். மோட்டார் பஸ்ஸில் இன்னும் சீக்கிரம். இறங்கும்போது எலும்பெல்லாம் ஏறினபோது இருந்த இடத்திலேயே இருக்குமா என்பதுதான் சந்தேகம். நான் ஜட்காவில் போனேன். இரண்டு நாள் ஆயிற்று. அதில் பதினெட்டு மைலாவது என் சொந்தக் காலால் நடந்திருப்பேன். ஒன்றேகால் ரூபாய் வாடகையும் கொடுத்துவிட்டு நடந்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனாலும் எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. நான் காஞ்சிபுரத்தில் நாலாம் வகுப்பு வாத்தியார். பங்குனி மாதம், பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை. ஆம்பூரில் ஒரு கலியாணச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, வேலூர்க் கோட்டையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று ரயிலடிக்கு வந்தேன். ஜட்காக்கள் நிற்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் குதிரை நின்றது. மற்றக் குதிரைகள் தங்கள் வாலால் தாங்களே ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. இதற்கு மட்டும் ஈ ஓட்ட ஒரு ஆள் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் வேப்பிலைக் கொத்து. அவர்தான் மஸ்தான் பாய். குதிரையின் பெயர் மோத்தி.

"வேலூருக்கா? வாங்க, நானும் அங்கதான் போறேன். ஆனா மூணு கண்டிசன் இருக்கு" என்றார்.

"என்ன கண்டிஷன்?" என்றேன்.

"மேடு வந்தா எறங்கி நடக்கணும். வெயில் ஏறிச்சுன்னா வண்டி நின்னுடும். குதிரைய ஓட்டு, ஓட்டுன்னு சொல்லக் கூடாது. மோத்திக்கு வேர்க்கக் கூடாது, வாத்தியாரே. அவ்ளோதான்."

பங்குனி வெயிலில், ஆம்பூரில், குதிரைக்கு வேர்க்கக் கூடாதாம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"சனிக்கெயம சாயங்காலம் கோட்டை மைதானத்துல குதிரைக் கண்காட்சி. வாடகை வண்டிக் குதிரைங்களுக்குன்னு தனியா போட்டி வக்கிறாங்க. போன வருசம் மோத்தியக் கூட்டிக்கினு போனேன். மிருக டாக்டர் வந்தாரு. ஜேபியிலேர்ந்து வெள்ளக் கைக்குட்டைய எடுத்தாரு. முதுவுல, மயிருக்கு எதிர்ப்பக்கமா ஒரு இழுப்பு இழுத்தாரு. கைக்குட்டை கறுத்துப்போச்சு. அதோட உட்டாரா? அத்தத் தூக்கிப் புடிச்சு, சுத்தி நின்ன ஜனத்துக்கெல்லாம் காட்டினாரு. ஆம்பூர் ஆளுங்க பாதிப் பேரு அங்க இருந்தாங்க."

அன்று முதல் ஊரில் அவருக்குக் கைக்குட்டை மஸ்தான் என்று பெயர். சவாரிக்கு வருகிறவர்கள் உட்காரும் முன் ஆசனத்தைக் கைக்குட்டையால் துடைத்து, அதைத் தூக்கிப் பார்ப்பார்களாம். ஒரு வருஷமாக இது நடக்கிறது. "பிரைஸ் யாருக்கு வேணும்? அந்தப் பேரு போவணும்" என்றார். நான் மூட்டையை வண்டியில் வைத்தேன்.

தோல் பதனிடும் ஷாப்புகள் இருக்கும் தெருவைத் தாண்ட அரை மணி ஆயிற்று. புதியவர்களுக்கு அந்த வாசனையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மூக்கு இருந்தால் போதும். ஆவாரம்பட்டை ஊறின பழுப்புத் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீரும் தெருவில் அங்கங்கே தேங்கிக் கிடந்தன. மஸ்தான் பாய் இறங்கி, மோத்தியின் நாலு காலுக்கும் முழங்கால் வரை பழந்துணி சுற்றினார். பட்டைத் தண்ணீர் வெள்ளை மயிரில் பட்டால் டீ நிறம் ஏறிவிடுமாம். சேணத்தில் வார் படுகிற இடமெல்லாம் ஏற்கனவே வேட்டித் துணி சுற்றியிருந்தது. "நம்ம ஊருக்குத் தோல்தான் சோறு போடுது. ஆனா ஈரத் தோலு வெள்ளக் குதிரைக்கு ஆவாது" என்றார். குதிரை ஒவ்வொரு குட்டையையும் சுற்றிக்கொண்டு நடந்தது. நானும் என் புதுச் செருப்பும் நேராகவே போய் ஒரு குட்டையில் இறங்கினோம்.

ஏழு மைல் கடந்து இருட்டும் வேளைக்கு மாதனூர் சேர்ந்தோம். அங்கே ஒரு சாவடியில் தங்கல்.

வெள்ளிக்கிழமை, விடியற்காலை நாலு மணி. மஸ்தான் பாயின் கண்கள் சிவந்திருந்தன. இரவெல்லாம் தூங்கவில்லையாம். குதிரை சாணி போட்டால் உடனே கூடையில் வாங்கிக் கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதன்மேலேயே படுத்துக்கொள்ளும். காலையில் விலாவில் மஞ்சள் கறை இருக்கும். "வெள்ளக் குதிரை வச்சவனுக்கும் பச்சப்புள்ள பெத்தவளுக்கும் ஒரே வேலதான்" என்று கொட்டாவி விட்டார்.

பள்ளிகொண்டாவுக்குப் பத்து மைல். வெயில் ஏறும் முன் போய்விட்டோம். ஒரு புளியந்தோப்பில் வண்டியை அவிழ்த்தார். பிறகு நான் பார்த்ததை எழுதினால் நம்பமாட்டீர்கள். முதலில் வைக்கோலைப் பிரியாக முறுக்கி உடம்பு முழுதும் தேய்த்தார். அடுத்து பிரஷ். அதன்பின் ஈரத்துணி, உலர்ந்த துணி, கடைசியில் வெறும் உள்ளங்கை. வேர்வை காய விட்டால் உப்புப் பூத்து, அதில் தூசி ஒட்டிக்கொள்ளுமாம். காயும் முன் துடைத்துவிட வேண்டும். தினமும் சோப்புப் போட்டால் மினுமினுப்புப் போய்விடும். வாலை மட்டும் பூந்திக்கொட்டை நுரையில் அலசி, சலவை நீலம் ஒரு சிட்டிகை கலந்த தண்ணீரில் முக்கி எடுத்தார். என் வேட்டிக்கு இந்தப் பாக்கியம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வாய்க்கிறது.

"சாக்குக்கட்டியை அரைத்துப் பூசிவிட்டால் என்ன? வெள்ளையில் வெள்ளை தெரியாதே" என்று கேட்டேன்.

"சில பேரு பூசறாங்க. வெயில்ல வேர்த்துச்சுன்னா பரோட்டா மாவு பெசஞ்ச மாதிரி ஆய்டும்" என்றார்.

அந்தத் தோப்புக்குக் குடியாத்தத்திலிருந்து ஒரு லுங்கி வியாபாரி மூட்டையோடு வந்தார். இங்கேதான் என் புத்தி கெட்டது. மஸ்தான் பாய் இன்னொரு இரவும் கண்விழித்தால் கண்காட்சியில் அவரே விழுந்துவிடுவார் என்று தோன்றியது. குதிரைமேல் ஒரு துணி போர்த்திவிட்டால், சாணியில் படுத்தாலும் கறை துணியோடு போய்விடும் அல்லவா? பன்னிரண்டணா விலையில் சிவப்புக் கட்டம் போட்ட லுங்கி இரண்டு வாங்கினேன். "கெட்டிச் சாயம் சாமி" என்று வியாபாரி தன் குழந்தைகள்மேல் சத்தியம் செய்தார். எத்தனை குழந்தைகள் என்று நான் கேட்கவில்லை. பாய் வேண்டாம் வேண்டாம் என்றார். நான் இரண்டையும் சேர்த்துத் தைத்தே கொடுத்துவிட்டேன்.

மாலை ஆறு மைல் நடந்து விரிஞ்சிபுரம் சத்திரத்தை அடைந்தோம். இரவு காற்றே இல்லை, வெக்கை. மோத்திக்கு லுங்கியைப் போர்த்திவிட்டு, "கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், குளுகுளு என்று இருக்கும்" என்றேன். அதுவும் என் யோசனைதான். பாய் தெளித்துவிட்டுப் படுத்தவர், இரண்டு நாள் தூக்கத்தைச் சேர்த்துத் தூங்கினார்.

சனிக்கிழமை, காலை ஐந்தே முக்கால். லுங்கியை எடுத்தோம். மோத்தியின் முதுகிலும் இரண்டு விலாவிலும் சிவப்புக் கட்டங்கள்! கழுத்தடியிலிருந்து வால் வரை, கோடு பிசகாமல், குடியாத்தத்துத் தறியில் நெய்தது போலவே இருந்தன.

மஸ்தான் பாய் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "வாங்க, திரும்பிப் போய்டலாம். போன வருசம் கைக்குட்டை. இந்த வருசம் லுங்கி மஸ்தான்னு கூப்புடுவாங்க" என்றார். நல்லது செய்கிறேன் என்று ஒரு மனிதனின் வருஷத்தையே சாயத்தில் முக்கிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. "பாய், கண்காட்சி சாயங்காலம் நாலரைக்குத்தானே? பாலாறு பக்கத்தில்தானே இருக்கிறது?" என்று அவர் கையைப் பிடித்து எழுப்பினேன்.

பாலாற்றில் தண்ணீர் இல்லை. மணலில் ஊற்றுத் தோண்டி ஒரு அம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தார். கன்னியம்மா என்று பெயர் சொன்னார். குதிரையைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னா பாய், குதிரைக்கு லுங்கியா கட்டினீங்க?"

"நான் கட்டல. வாத்தியாரு கட்டினாரு" என்றார் மஸ்தான் பாய். இரண்டு நாளில் அவர் என்மேல் சொன்ன ஒரே குற்றம் அதுதான்.

விஷயத்தைச் சொன்னேன். கன்னியம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு மயிரைப் பிரித்துப் பார்த்தார். "துணின்னா வெள்ளாவில வச்சு எடுத்துடுவேன். குதிரைய எந்தப் பானையில வக்கிறது? சோப்பு போடாதீங்க, இன்னும் பரவிடும். மொதல்ல தண்ணிய ஊத்திக்கினே இருங்க, நிக்காம."

நான் ஊற்றிலிருந்து குடம் குடமாக மொண்டு ஊற்றினேன். முப்பது குடத்துக்குமேல் எண்ணவில்லை. சிவப்புத் தண்ணீர் மணலில் ஓடியது. பிறகு கன்னியம்மா சலவைக்கு வைத்திருந்த உவர்மண்ணைக் கரைத்து, தெளிந்த தண்ணீரைத் தன் மணிக்கட்டில் தடவி, எரியவில்லை என்று பார்த்துவிட்டு, கட்டம் கட்டமாகத் துணியால் ஒற்றினார். ஒற்றின உடனே பாய் அலசுவார். இப்படி நாலு தடவை. பத்தரை மணிக்குக் கட்டங்களின் கோடு கலைந்து, முதுகில் வெறும் ரோஜா நிறம் நின்றது.

"இன்னொரு வாட்டி?" என்று கேட்டேன்.

"வேணாம். இதுக்குமேல போட்டா தோலு புண்ணாய்டும். நிக்கிற சாயம் நிக்கட்டும். அழுக்கு ஒரு பொட்டு கெடையாது, அத்த நான் சொல்றேன்" என்றார். காசு கொடுத்தபோது வாங்காமல் அந்த லுங்கியைக் காட்டி, அதுதான் வேண்டும் என்றார். சாயமெல்லாம் குதிரைக்குப் போய்விட்டதால் இனி மற்றத் துணியில் ஏறாதாம்.

வேலூருக்கு இன்னும் எட்டு மைல். உச்சி வெயில். மோத்தி வெறும் வண்டியை இழுத்தது. பாய் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பக்கத்தில் நடந்து, என் குடையைக் குதிரைக்குப் பிடித்தேன். எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். மைலுக்கு ஒரு தடவை மரநிழலில் நின்று துடைப்போம். எனக்கு வேர்த்ததை யாரும் துடைக்கவில்லை. மூன்று மணிக்குக் கோட்டை அகழி தெரிந்தது.

மாலை நாலரை. மைதானத்தில் வாடகைக் குதிரைகள் பதினொன்று வரிசையாக நின்றன. சுற்றிலும் நல்ல கூட்டம். ஆம்பூர்க்காரர்கள் ஒரு மூலையில் நின்று, "பாய், கைக்குட்டை ரெடியா?" என்று கத்தினார்கள். டாக்டர் தலைக்குத் தொப்பி வைத்த ஒரு தமிழர், நிதானமான மனிதர். குதிரைகளின் பல், குளம்பு, கண் எல்லாம் பார்த்துக்கொண்டே மோத்தியிடம் வந்தார். முதுகைப் பார்த்தார்.

"இது என்ன நிறம்?"

"வாத்தியாரு லுங்கி போர்த்தினாருங்க. சாயம் ஏறிடுச்சு" என்றார் பாய். ஒளிக்கவே இல்லை. கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

டாக்டர் கைக்குட்டையை எடுத்தார். ரோஜா நிறத்தின்மேல், மயிருக்கு எதிர்ப்பக்கமாக, அழுத்தி இழுத்தார். விலாவில் ஒரு இழுப்பு. வயிற்றடியில் ஒரு இழுப்பு. கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தார். "ம்" என்றார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த குதிரைக்கு நகர்ந்தார்.

அவ்வளவுதானா?

"ஐயா" என்றார் மஸ்தான் பாய். மைதானம் முழுதும் கேட்டது. "போன வருசம் அழுக்கா இருந்துச்சு, தூக்கிக் காட்டினீங்க. இந்த வருசம் ஜேபியில வச்சுக்கினீங்களே."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். டாக்டர் திரும்பி வந்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் பாயின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் கைக்குட்டையை வெளியே எடுத்து, உதறி விரித்து, இரண்டு முனையையும் பிடித்துத் தலைக்குமேல் உயர்த்தினார். வடக்கே ஒரு தடவை, கிழக்கே ஒரு தடவை. ஆம்பூர்க்காரர்கள் நின்ற மூலைக்கு நேராகத் திரும்பி, அங்கே கொஞ்சம் அதிக நேரமே பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளை வெளேர் என்று இருந்தது. யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். நானும் தட்டினேன், கண்ணில் நீர் வந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

முதல் பரிசு ராணிப்பேட்டைச் செவலைக் குதிரைக்குப் போயிற்று. இரண்டாவது யாருக்கு என்று பாய் கேட்கக்கூட இல்லை.

என்னைக் காட்பாடி ரயிலடியில் விட அவரே வந்தார். பாலாற்றுப் பாலம் ஏறியதும், "கெட்டியாப் புடிச்சுக்குங்க வாத்தியாரே. இனிமே வேர்த்தா வேர்க்கட்டும்" என்று கடிவாளத்தைத் தளர்த்தினார். மோத்தி பறந்தது. அந்த ஐந்து மைலும் நான் ஆசனத்தில் உட்கார்ந்திருந்த நேரம் மிகக் குறைவு. இறங்கும்போது குதிரை முழுக்க வேர்வை. பாய் முகம் முழுக்கச் சிரிப்பு. "அடுத்த வருசமும் வாங்க" என்றார். "லுங்கி மட்டும் வேணாம்."

அரக்கோணத்தில் காஞ்சிபுரம் வண்டிக்குக் காத்திருந்தபோதுதான் என் மேஜை ஞாபகத்துக்கு வந்தது. பதினேழு வருஷமாகக் கணக்கு நோட்டுத் திருத்துகிறேன். தப்பு வந்த நோட்டைத் தூக்கி வகுப்பு முழுவதற்கும் காட்டுவேன். சரியாக இருந்ததை மூடி அடுக்கில் வைத்துவிடுவேன். இதில் எத்தனை பேருக்கு நான் எத்தனை பெயர் வைத்துக் கொடுத்தேனோ, யார் கண்டது?

திங்கட்கிழமை நாலாம் வகுப்பில் தப்பில்லாத நோட்டு ஒன்பது இருந்தது. ஒன்பதையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். வாத்தியாருக்கு வேலூர் வெயில் தலைக்கேறிவிட்டது என்று பையன்கள் வீட்டில் போய்ச் சொன்னார்களாம்.