அக்கார்டியன் மட்டும் வேண்டாமாம்

ஹூஸ்டனில் எங்கள் ஆபீஸ் விருந்தில் பாட வந்திருந்தார் அந்த மெக்சிகோப் பாடகி. நாற்பது வயதிருக்கும். குட்டை முடி, வெள்ளி நிற பூட்ஸ். தோளில் பழைய அக்கார்டியன், பக்கத்தில் தாளம் போட ஒரு லேப்டாப். பாட்டெல்லாம் அவரே எழுதி மெட்டமைத்தவை. பேசும்போதுகூட அவர் விரல்கள் அக்கார்டியன் கட்டைகளைத் தடவிக்கொண்டே இருந்தன.

இடைவேளையில் என் மனைவி அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்: "உங்க மியூசிக் பழசா, புதுசா?"

"அம்மா ரொம்பப் புதுசுன்னு திட்டுவாங்க. ரேடியோக்காரங்க ரொம்பப் பழசும்பாங்க" என்று சிரித்தார். பிறகு, "இப்போ ஒரு பெரிய கம்பெனி ஆல்பம் போடக் கூப்பிடுது. அக்கார்டியன் மட்டும் வேண்டாமாம்" என்றார்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியலையே."

சில மாதம் கழித்து ஃப்ரீவேயில் போகும்போது ரேடியோவில் அவர் குரல் வந்தது. அன்று பாடிய அதே பாட்டு. அக்கார்டியன் இல்லை.

"பாவம், விட்டுட்டாங்க" என்றேன்.

"இருங்க, நல்லாக் கேளுங்க" என்றாள் மனைவி.

நடுவில் அக்கார்டியன் வர வேண்டிய இடத்தில், அதன் மெட்டை ஒரு சுரம்கூட விடாமல் அவரே வாயால் பாடிக்கொண்டிருந்தார். அவர் இணங்கிப் போனாரா, கம்பெனிக்குத் தெரியாமல் ஜெயித்துவிட்டாரா என்று எனக்கு இன்னும் புரியவில்லை.