செங்கோடனின் டோக்கன்

போன வாரம் இன்சுலின் வாங்கப் போயிருந்தேன். உச்சி வெயிலில் வீடு போய்ச் சேர்வதற்குள் மருந்து கெட்டுவிடும் என்று, மருந்துக்கடைப் பெண் அதை ஒரு குட்டித் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பொட்டலத்தோடு வைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள். ஈரத் தெர்மாகோலும் ரப்பர் மூடியும் சேர்ந்த வாசனை. உங்களுக்கெல்லாம் அது ஒரு வாசனையே இல்லை. எனக்கு உடனே கோழி ஞாபகம் வந்தது. கோழி வந்தால் பின்னாலேயே செங்கோடன் வந்துவிடுவான். அப்புறம் அன்றைக்கு முழுதும் யாரோடும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

நாமக்கல்லிலிருந்து பரமத்தி வேலூர் போகிற சாலையில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணை. அங்கேதான் நாங்கள் இரண்டு பேரும் இருபது வயதில், ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். ஊசி போடுகிற ஆட்களோடு எங்களை விட்டார்கள். எங்கள் பக்கம் பெற்ற பிள்ளைக்கு ஊசி போட வேண்டிய நாள் மறந்தாலும் மறக்கும், கோழிக்குப் போட வேண்டிய நாள் மறக்காது. கண்ணில் சொட்டு, இறக்கையில் குத்து, நெஞ்சுச் சதையில் ஊசி என்று ஒரு கோழி முட்டைக்கு வருவதற்குள் அத்தனை தடுப்பு மருந்து. வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். மருந்து இருக்கிற தெர்மாகோல் ஐஸ் பெட்டியைத் திறந்த கையோடு மூட வேண்டும். மூட மறந்து நான் வாங்கிய வசவுகளை எழுதினால் தனிப் புத்தகமாகிவிடும்.

செங்கோடனுக்கு ஒரு பழக்கம். ஊசியை எடுத்ததும் ஒவ்வொரு கோழியிடமும் "ஆச்சு சாமி, ஆச்சு" என்பான். ஆயிரம் கோழி என்றால் ஆயிரம் தடவை. நான் கிண்டல் செய்வேன். கிண்டல் செய்கிற மும்முரத்தில் ஒரு நாள் என் கட்டைவிரலிலேயே ஊசியை ஏற்றிக்கொண்டேன். எண்ணெய் கலந்த மருந்து. விரல் வீங்கி உயிர் போனது. அவன்தான் சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தான். போகிற வழியில், "உனக்கு இனிமேல் வெள்ளைக் கழிச்சல் வராது மாப்ள" என்றான். வெள்ளைக் கழிச்சல் என்பது ஷெட்டோடு கோழிகளை வாரிக்கொண்டு போகிற நோய். அந்த வலியிலும் சிரித்தேன்.

ஊசி போடுகிற நாளில் செங்கோடன் முதலில் ஷெட்டுக்குள் வெறுங்கையோடு ஒரு சுற்று நடப்பான். எந்தக் கோழியாவது தலையைத் தொங்கப் போட்டிருக்கிறதா, மூச்சில் கரகரப்பு கேட்கிறதா என்று பார்ப்பான். சோர்வு தெரிந்தால் முதலாளியிடமே போய் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவான். ஒரு தடவை அவன் பேச்சைக் கேட்காமல் போட்டார்கள். செத்த கோழிகளை வாரி வாரி ஒரு வாரம் எங்களுக்குக் கை ஓய்ந்துபோனது. சோர்ந்த கோழிக்கு ஊசி போடாதே. எங்கள் தொழிலில் அதுதான் முதல் சட்டம்.

கொரோனா வந்தபோது எங்களுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. நான் சூப்பர்வைசர், அவன் நாலு ஷெட்டுக்குப் பொறுப்பு. தடுப்பூசி வந்த புதிதில் ஊரில் ஒருவரும் கிட்டப் போகவில்லை. ஊசி போட்டே பிழைத்த நாங்களும் டீக்கடையில் நாலு பேர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தோம். வெட்கக்கேடுதான். இரண்டாம் அலையில் தெருவுக்கு ஒருவர் சாக ஆரம்பித்ததும், அதே நாலு பேர் விடியும் முன்னே ஊசி போடுகிற பள்ளிக்கூடத்து வாசலில் நின்றார்கள். மைதானத்தில் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார்கள். டோக்கன் எண்ணுக்கு ஒரு வட்டம்.

நாங்களும் கிளம்பிய அன்றைக்கு, நான் போய்ச் சேர்வதற்குள் டோக்கன் தீர்ந்துவிட்டது. செங்கோடன் கையில் ஒன்று இருந்தது. ஆனால் முகம் தெளிவாக இல்லை. முதல் நாள் தீவன மில் தூசியில் நின்றானாம், மூக்கு ஒழுகுகிறது, உடம்பு வலி, காய்ச்சல் மட்டும் இல்லை.

"போட்டுக்கலாமா மாப்ள, ஆகாதா?" என்று கேட்டான்.

அவன் படித்தது எட்டாவது, நான் பன்னிரண்டாவது. படித்தவனிடம் கேட்கிறான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"சோந்த கோழிக்கு ஊசி போடலாமா? நீயே சொல்லு."

சிரித்துவிட்டான். "அதுஞ் சரிதான். அப்ப இதுல நீ போட்டுக்க. நான் அடுத்த வாரம் பாத்துக்கறேன்."

வேண்டாம் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டோக்கனை வாங்கிக்கொண்டேன். பதினேழாம் நம்பர். அவன் வட்டத்தில் போய் நின்றேன்.

இதோடு முடிந்திருந்தால், தெரியாமல் செய்த தப்பு என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். எனக்கு இரண்டு பேருக்கு முன்னால் இருந்தவர் தனக்குச் சளி பிடித்திருப்பதாக நர்சிடம் சொன்னார். அந்தம்மா தலையைக்கூட நிமிர்த்தாமல், "சளிதானுங்களே, காச்சல் இல்லீல்ல? போட்டுக்கலாமுங்க" என்றார். எனக்கு நன்றாகக் கேட்டது. செங்கோடன் சாலையோர டீக்கடையில்தான் இருந்தான். கூப்பிட்டால் ஐந்தே நிமிடம். அவன் வந்தால் டோக்கன் அவனுக்குப் போய்விடும். ஊர் முழுக்கச் சாவு. எனக்குப் பயமாக இருந்தது. கை சட்டைப் பைக்குள் போனது. போனை விட்டுவிட்டு ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தது.

அடுத்த வாரம் மருந்து வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாம் வாரம் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. சேலத்துக்குக் கொண்டு போனார்கள். ஆம்புலன்சில் ஏறும்போது, எனக்கு ஊசி போட்ட கை வலி விட்டதா என்று கேட்டான். திரும்பி வரவில்லை. முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை.

ஊர் கொஞ்சம் அடங்கியபின் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி மல்லிகா பாய் போட்டு உட்காரச் சொன்னாள். அவன் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. திட்டுவாள் என்று பயந்தோ, என்னைக் காப்பாற்றவோ, தெரியாது.

"டோக்கன் தீந்துபோச்சுன்னு வந்துட்டாருங்ணா. விடியறதுக்கு முன்னாடி போன மனுசனுக்கு எப்படித் தீரும்? அவருக்குச் சேர வேண்டியத எவனோ வாங்கிட்டுப் போயிட்டான். அவன் நல்லாருப்பானுங்களா?"

நான் தலையாட்டினேன். இருக்கமாட்டான் என்கிற மாதிரி ஆட்டினேன். அவள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

இப்போது அந்த மைதானத்தில் சுண்ணாம்பு வட்டங்கள் இல்லை. அந்த வருஷ மழையிலேயே போய்விட்டன. வரிசையில் நின்ற ஊர் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. பண்ணையில் இப்போது ஊசி போடுகிறவர்கள் காதில் பாட்டு வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள், கோழியிடம் யாரும் பேசுவதில்லை. காலையில் என் வயிற்றில் நானே இன்சுலின் குத்திக்கொள்ளும்போது "ஆச்சு சாமி" தொண்டைவரை வரும். சொல்லமாட்டேன். மல்லிகாவிடம் சொல்ல வேண்டியதையும் இன்னும் சொல்லவில்லை. அண்ணனுக்குச் சர்க்கரையாமே என்று போன மாதம் முருங்கைக்கீரை ஒரு கட்டுக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

வாங்கிக்கொண்டேன்.