டாக்டரம்மா போட்ட தோப்புக்கரணம்

“…அவ்வளவுதாம்மா, இன்னும் ஒரே ஒரு தடவ குந்தி எந்திரி,” என்றார் டாக்டரம்மா. அவர் காதில் ஸ்டெதஸ்கோப். அதன் வட்டம் அந்தப் பெண்ணின் நெஞ்சில். எழுபதுகளின் கடைசி. அரூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு உடல் பரிசோதனை. எங்கள் சின்ன ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர் நான். பெயர் எழுதுவதற்காகக் கூடப் போயிருந்தேன். டாக்டரம்மா சென்னைக்காரர். ‘குந்து’ என்ற சொல்லையே எங்களிடம்தான் பழகினார்.

அந்தப் பெண்ணுக்குப் பதினான்கு வயது. ஓட்டத்தில் அவளை முந்த ஆளில்லை. ஆனால் ஓடும்போது இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறாள். குந்தினால் அடங்கி, எழுந்தால் பலக்கும் ஒரு முணுமுணுப்பு அவள் நெஞ்சில் கேட்டது. இதயத்தின் சதை தடித்துப்போகும் நோயாக இருக்கலாம் என்பது டாக்டரம்மாவின் சந்தேகம். ஜன்னலில் தொற்றிக்கொண்டிருந்த தோழிகளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

“ஏய், இங்க வந்து பாருங்கடி! டாக்டரம்மா இவளத் தோப்புக்கரணம் போட வெக்கறாங்க! என்னாடி திருடுன?”

அவள் முகம் சுண்டிப்போனது. அது தண்டனையில்லை என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அவளுடைய அப்பா, நிலக்கடலைக் காட்டிலிருந்து மண் காலோடு வந்து நின்றார். டாக்டரம்மா ஒரு பிரசவத்துக்காகப் போயிருந்தார். சென்னையில் ஒலியலையை நெஞ்சுக்குள் அனுப்பி இதயச் சதையின் தடிமனைப் பார்க்கும் புது மெஷின் வந்திருக்கிறது, அங்கே உடனே கூட்டிப்போக வேண்டும், அதுவரை ஓடவே கூடாது என்று அவள் அப்பாவிடம் சொல்லச் சொல்லி, ஒரு கடிதத்தையும் என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

“எம்புள்ள என்னா தப்பு செஞ்சுதுங்க? வூட்டுல ராத்திரி சோறு திங்கல. ஊரே சிரிக்குது.”

கலங்கி நிற்கும் மனிதரைக் கண்டால் என் வாய் சும்மா இருக்காது. “அட விடுங்கண்ணா. ஓடற புள்ளைக்கு நெஞ்சு அடிச்சிக்காம என்னா பண்ணும்? டாக்டரம்மாவுக்கு எதுலயும் சந்தேகந்தான்.”

“அப்ப மெட்ராஸு?”

“மெதுவா போய்க்கலாங்க.”

“தீர்த்தமலைக்குப் போயி தீர்த்தம் ஆடிட்டு வந்தா சரியாப்போயிடுங்களா?”

“தாராளமா போய்ட்டு வாங்க.”

சிரித்துக்கொண்டே போனார். அவரைச் சிரிக்க வைத்த பெருமையில் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டேன். பிரசவம் முடிந்து திரும்பிய டாக்டரம்மாவிடம், “சொல்லிட்டேங்க” என்றேன்.

மூன்றாம் வாரம் பந்தயம். எல்லைக் கோட்டை முதலாவதாகத் தாண்டி விழுந்தவள் எழவே இல்லை.

இழுப்பறையைத் திறந்து கடிதத்தை நீட்டியபோது டாக்டரம்மா கத்தவில்லை. “நீங்க நல்ல மனுஷன், கம்பவுண்டர். எல்லாரையும் சந்தோஷமா அனுப்பி வெப்பீங்க. அந்தப் பொண்ண எங்க அனுப்பினீங்க?” என்றார்.

இப்போது அந்த மெஷின் தருமபுரியிலேயே இருக்கிறது. போன மாதம் அங்கே அவள் தங்கையைப் பார்த்தேன். அவளுடைய பேரனின் நெஞ்சில் பசை தடவித் திரையில் இதயத்தைக் காட்டினார்களாம். சுவர் கொஞ்சம் தடித்திருக்கிறதாம், ஆரம்பத்திலேயே கண்டுவிட்டார்களாம். “நான் மாத்திரையில ஓட்டலீங்களா? அவனும் ஓட்டிடுவான்,” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவள் அக்காவும் இப்படிப் பேரனோடு வந்து நின்றிருக்க வேண்டியவள்.

இந்த நோய் ஒரே குடும்பத்தில் தொடரும் என்பதால், சாவு நடந்த மாதமே டாக்டரம்மா மறுபடியும் அந்தப் பள்ளிக்குப் போனார். தங்கைக்கு அப்போது பன்னிரண்டு வயது. சுவரோடு ஒட்டிக்கொண்டு, “நான் ஒன்னும் தப்பு செய்யல” என்று அழுதாள். அவள் அப்பா வாசலில் தலைகுனிந்து நின்றார். ஜன்னல் முழுக்கப் பிள்ளைகள்.

“ஒரே ஒரு தடவ குந்தி எந்திரிம்மா,” என்றார் டாக்டரம்மா. அவள் அசையவில்லை. டாக்டரம்மா செருப்பைக் கழற்றினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அத்தனை பேரும் பார்க்க, அவளுக்கு முன்னால் தாமே குந்தி எழுந்தார்.