மஞ்சள் பட்ட தலையணை உறை

இந்த நாட்டு லிஃப்டுகள் பலவற்றில் நான்காம் மாடி கிடையாது. மூன்றுக்கு அடுத்தது 3ஏ, அதற்கு அடுத்து நேராக ஐந்து. சீனர்களுக்கு நான்கு ஆகாத எண் என்று என் கணவர் சொன்னார். எனக்கு இப்போது பழகிவிட்டது. ஆனால் திருச்சியில் விமானம் ஏறி முதன்முறையாக மலேசியா வந்திறங்கிய அப்பாவுக்கு அது பெரிய விஷயமாகப் போய்விட்டது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் தங்கிய ஹோட்டலின் லிஃப்டுக்குள் நின்று பொத்தான்களை விரல் வைத்துப் பார்த்தவர், "ஒரு மாடியையே காணோமே! அதையும் வித்துட்டானுகளா?" என்று கேட்டார். கூட நின்ற சீனப் பெரியவர் என்ன புரிந்துகொண்டாரோ, மரியாதையாகத் தலையாட்டிச் சிரித்தார்.

என் பெற்றோர் வந்தது என் தாலி பெருக்குக்காக. கல்யாணத்தன்று கட்டிய மஞ்சள் கயிற்றைக் கழற்றி, தாலியோடு பிறந்த வீட்டுக் குண்டும் காசும் கோத்துப் புதுக் கயிற்றில் கட்டும் சடங்கு அது. ஒற்றைப்படை மாதம் பார்த்து அருப்புக்கோட்டையிலேயே முடித்திருக்க வேண்டியது. அதற்குள் விசா வந்துவிட்டது, நானும் கணவரோடு கிள்ளானுக்கு வந்துவிட்டேன். விட்டுப்போன சடங்கை முடிக்காமல் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. குண்டையும் காசையும் மஞ்சள் குழைத்துப் பூசிய துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு, அப்பாவையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கிள்ளானில் வீடு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதுவும் தாராளமாக இருக்கிறது. என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், சம்பந்திகள் வருகிறார்கள் என்று பின்னறைக்கு வெள்ளையடித்து, பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், புதுத் தலையணை இரண்டும் பூப்போட்ட விரிப்பும் வாங்கிப் போட்டிருந்தார். அப்பா அசையவில்லை. பெண் கொடுத்த வீட்டில் படுத்து எழுந்தால் மரியாதை போய்விடும் என்பது அவர் கட்சி. சிவகாசியில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா வீட்டுக்குப் போனாலும் மோர் குடித்துவிட்டு கடைசி பஸ்ஸில் திரும்பிவிடுவார். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் என்பதால் கடைசி பஸ் எப்போது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கிள்ளானிலிருந்து அருப்புக்கோட்டைக்குக் கடைசி பஸ் இல்லையே. அதனால்தான் ஹோட்டல்.

அத்தை முகம் வாடிவிட்டது. "வீடு இருக்கறப்ப எதுக்குமா ஓட்டல்? நாங்க என்ன கடிச்சா திங்கப் போறோம்?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். பிறகு கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்கு உறுத்தியது. புகுந்த வீட்டில் எனக்கு இன்னும் வேர் பிடிக்கவில்லை. இந்த நேரத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மனத்தாங்கல் விழுந்தால் மாட்டிக்கொள்வது நான்தான்.

ஹோட்டல் ஒன்றும் மோசமில்லை. நாலு ஊரில் கிளை உள்ள நடுத்தர ஹோட்டல், கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். ஆனால் ஜன்னல் திறக்காது. அட்டையைச் சுவரில் செருகினால்தான் விளக்கு எரியும், அதை உருவினால் அறையே செத்துவிடும். ஏசியைக் குறைக்கத் தெரியாமல் அம்மா சால்வையும் மங்கி குல்லாவுமாக உட்கார்ந்திருந்தாள். குளிக்க பக்கெட்டும் மக்கும் வேண்டும் என்று அப்பா போனில் கேட்க, ஒரு பையன் ஐஸ் போடும் சின்ன வாளியையும் காப்பிக் கோப்பையையும் தட்டில் ஏந்திக்கொண்டு வந்து நின்றான். வேறு சமயமாக இருந்தால் அப்பா கத்தித் தீர்த்திருப்பார். ஹோட்டல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவரே அவர் என்பதால் வாய் திறக்க வழியில்லை. "பரவால்லம்மா, நல்லாத்தான் இருக்கு" என்று அந்தக் கோப்பையாலேயே குளித்துவிட்டு வந்தார். எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மறுநாள் காலை கிள்ளானிலிருந்து ரயிலேறிப் போய் அவர்களைப் பக்கத்துக் கடைக்கு இட்லி சாப்பிட அழைத்துப் போனேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் அறை பளிச்சென்று இருந்தது. விரிப்பு புதிது, தலையணை உறையும் புதிது. அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அய்யோ, தலகாணி உறை எங்கடி?"

குண்டும் காசும் முடிந்த துணியை அங்கேதான் வைத்திருந்தாள். அறையில் நம்பர் போட்டுத் திறக்கும் இரும்புப் பெட்டி இருக்கிறது. அந்த மிஷின் நம்பரை மறந்துபோனால் என்ன செய்வது என்று அதை நம்பாமல், ஊரில் தலைமாட்டில் வைத்துப் படுக்கிற பழக்கத்தில், தலையணை உறைக்குள் மூலையில் வைத்து ஊக்கு குத்தியிருக்கிறாள். கதவைத் திறக்க வேண்டாம் என்று அறிவிக்கிற அட்டையை மாட்டிவிட்டு வாருங்கள் என்று அப்பாவிடம் நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். வெளியே வந்து பார்த்தேன். அட்டை தொங்கியது. ஒரு பக்கம் சிவப்பு, தொந்தரவு செய்யாதே. மறுபக்கம் பச்சை, அறையைச் சுத்தம் செய்யவும். பச்சைப் பக்கம்தான் வெளியே தெரிந்தது.

"நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம். வாசல்ல யாராவது சிவப்பு போட்டு அடைப்பாங்களா? அதான் பச்சையத் திருப்பி விட்டேன்" என்றார் அப்பா. காலமெல்லாம் சிவப்பைக் கண்டால் பிரேக்கை மிதித்தவரிடம் என்ன பேச?

அம்மா அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நகை போனால் மறுபடி செய்துகொள்ளலாம். ஆனால் தாலியில் கோக்க வேண்டிய குண்டு, கோப்பதற்கு முதல் நாள் காணாமல் போனது என்று புகுந்த வீட்டில் தெரிந்தால் அதற்கு என்ன அர்த்தம் சொல்வார்கள்? அவள் மனம் அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு என் கை தானாகவே கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டது. "சம்பந்தியம்மா காதுல விழ வேணாம்" என்று அப்பா சொல்லி வாய் மூடவில்லை, கதவு தட்டப்பட்டது. அத்தை! பிரிக்ஃபீல்ட்ஸில் பூ வாங்க வந்தவர் அப்படியே எங்களையும் பார்க்க வந்திருந்தார்.

"என்னா எல்லாரும் இப்படி நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல சம்பந்தி" என்றார் அப்பா. அம்மா அப்போதுதான் உடைந்தாள். அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். அத்தை ஒரு கேள்வி கேட்கவில்லை, சகுனம் என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. பூப்பையை மேசையில் வைத்துவிட்டு, "வாங்க, கீழ போவோம்" என்றார்.

கவுண்டரில் இருந்த பையன் நம்மவன்தான். ஆனால் முதலில் ஆங்கிலத்தில்தான் தொடங்கினான். அறையில் பெட்டி இருக்கிறது, அதில் வைக்காத பொருளுக்கு ஹோட்டல் பொறுப்பல்ல, லினன், அதாவது விரிப்பு உறையெல்லாம், கிளியர் ஆகிவிட்டது. நான் விடாமல் கத்தவும் தமிழுக்கு வந்தான்.

"சோரி மேடம். இன்னொண்ணு, உங்க ரூம் தலகாணி உறையில ஸ்டெயின் இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. அதுக்கு சார்ஜ் பண்ணுவாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணே இருண்டது. பொருளைத் தொலைத்துவிட்டு எங்களுக்கே அபராதமா? வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அத்தை என் கையை அழுத்தினார்.

"நீ கொஞ்சம் சும்மா இரும்மா. தம்பி, என்னா கலர் கறை?"

"மஞ்ச ஆன்டி. கறிக் குழம்பு கொட்டிட்டாங்கன்னு சொன்னாங்க."

"கறி இல்லலா அது! அந்த உறை இப்ப எங்க இருக்கு?"

கறை பட்ட துணிகளை மற்றவற்றோடு சேர்க்க மாட்டார்களாம். தனி மூட்டையாகக் கட்டி வைப்பார்களாம், அதற்கு வேறு மருந்து போட்டு வெளுக்க வேண்டுமாம். பையன் போன் செய்தான். சலவை லோரி இன்னும் வரவில்லை என்றார்கள். நாங்கள் நால்வரும் அடித்தளத்துக்கு ஓடினோம். அங்கே துப்புரவுப் பிரிவின் மேற்பார்வையாளர், காக் ரோஸ், அதாவது ரோஸ் அக்கா, என்ற மலாய் அம்மா, ஒரு நீல மூட்டையைக் காட்டினார். அத்தை பந்திங் என்ற ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் மலாய்க்காரர்களோடு வளர்ந்தவர். கெஞ்சலும் சிரிப்புமாக மலாயில் ஏதோ சொன்னார். காக் ரோஸ் மூட்டையை அவிழ்த்துக் கைவிட்டு ஓர் உறையை உருவி மோந்து பார்த்தார். "குன்யிட்!" என்றார். மலாயில் மஞ்சளுக்கு அதுதான் பெயர். உறையின் உட்புறத்தை வெளியே திருப்பினார். மூலையில், ஊக்கு குத்தியபடி, அம்மாவின் முடிச்சு.

அம்மா அந்தச் சிமெண்ட் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். எங்களைக் கறிக்கறைக்காரர்கள் என்று எழுதி வைத்த காக் ரோஸையே கட்டிப்பிடித்துக்கொண்டேன். அம்மா கைப்பையிலிருந்து அதிரசப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் திணித்தாள். அதில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்க, அரிசியும் வெல்லமும்தான், ஹலால்தான் என்று அத்தை உத்தரவாதம் கொடுத்தார். காக் ரோஸ் அங்கேயே ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

மேலே வரும்போது லிஃப்டில் அத்தை அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, எங்க வீட்டுக் கதவுல சிவப்பும் இல்ல, பச்சையும் இல்ல. சும்மா தொறந்துதான் கெடக்கு." அப்பா பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் கிள்ளானில் சடங்கு நல்லபடியாக நடந்தது. அம்மா ஒரு பக்கம் எங்கள் வீட்டுக் குண்டைக் கோக்க, அத்தை மறுபக்கம் தன் பங்குக்கு ஒரு காசு கோத்தார். சாப்பாடு முடிந்து எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது அப்பாவைக் காணோம். தேடிப் போனால், வெள்ளையடித்த பின்னறையில், பூப்போட்ட விரிப்பில், அத்தை வாங்கிய புதுத் தலையணையில் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். "பகல்ல படுத்தா கணக்கு இல்ல" என்றாள் அம்மா, அவசரமாக. அத்தை சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்.

அவர்கள் ஊர் திரும்பிய அன்று நான்தான் கணக்கு முடித்தேன். கறைக்கு உரிய கட்டணத்தைப் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான். கொடுத்துவிட்டு, அப்படியானால் உறை எனக்குத்தானே என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அது இப்போது கிள்ளானில் என் கட்டிலில் கிடக்கிறது. ஒரு மூலையில் ஹோட்டலின் பெயர் நீல நூலில் தைத்திருக்கிறது, இன்னொரு மூலையில் அம்மாவின் மஞ்சள். துவைக்கத் துவைக்க அது வெளுத்துக்கொண்டு வருகிறது. அத்தைதான் துவைக்கிறார். அந்த மூலையை மட்டும் அவர் சோப்புப் போட்டுத் தேய்ப்பதில்லை என்பதைப் போன வாரம்தான் பார்த்தேன்.