மணலுக்குள் இருந்தவை

போன வாரம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் சிப்பி ஒட்டிய முகக்கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வார்னிஷ் வாசனைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது, லேசாக அழுகின கடல். கடைக்காரர், "நல்லா காயவெச்சதுதாங்க, நாலு நாள்ல போயிடும்" என்றார். எனக்குத் தெரியும், போகாது.

வேலைக்குச் சேர்ந்த புதுசில் அந்த வாடையோடு இரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். திருச்சியில் ஒரு கல்லூரி, விலங்கியல் ஆய்வகம், தற்காலிக வேலை. ஸ்ரீரங்கத்து வீட்டுப் பெண் இறாலை வெட்டும் லட்சணத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! இடுக்கியில் பிடித்து, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு வெட்டுவேன். வீட்டு வாசலிலேயே அம்மா, "குளிச்சுட்டு உள்ள வா" என்பாள்.

இறால் எனக்கில்லை, ஸ்டெல்லாவின் நத்தைகளுக்கு. என்னோடு அதே வேலையில் இருந்தவள் ஸ்டெல்லா. அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. மாதம் ஒருமுறை ராமேஸ்வரம் போய், கேன்களில் கடல் தண்ணீரை ரயிலில் ஏற்றிக்கொண்டு வருவாள். கடலே இல்லாத ஊரில் ஒரு கண்ணாடித் தொட்டி நிறையக் கடல். அடியில் மணல். மணலுக்குள் புளியங்கொட்டை அளவில் பளபளவென்று நாற்பது நத்தைகள்.

முதல் தடவை பார்த்தபோது, "சோழி மாதிரி இருக்கு" என்றேன்.

"சோழி இல்லடி. இது வேட்டைக்காரி" என்றாள்.

ஒரு துண்டு இறாலைப் போட்டாள். சும்மா கிடந்த மணல் அங்கங்கே நகர்ந்தது. ஒரு நத்தை மேலே வந்து, தன் சதையாலேயே இறாலைச் சுற்றி மூடி, உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டது. மணல் பழையபடி சும்மா கிடந்தது. அதே சதைதான் ஓட்டின் மேலும் போர்த்திக் கிடக்குமாம், அதனால்தான் அந்தப் பளபளப்பு என்று சொல்லிக்கொடுத்தாள். அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சியே அந்தத் தொட்டிதான். என் ஆராய்ச்சி மண்புழு. அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

ஒரு வியாழக்கிழமை அவள் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "ரெண்டு நாள் பாத்துக்கடி. மோட்டார் மட்டும் நிக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு ஓடினாள். தண்ணீருக்குக் காற்று ஊதுகிற மோட்டார் அது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்குக் காபி வேண்டியிருந்தது. அறையில் இருந்தது ஒரே ஒரு பிளக். மோட்டாரைப் பிடுங்கிவிட்டு ஹீட்டரைச் செருகினேன். காபி குடித்தேன். ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். சனி, ஞாயிறு கல்லூரி லீவு.

திங்கட்கிழமை காலை கதவைத் திறந்ததும் வாடை அடித்தது. எல்லாம் மணலுக்கு மேலே வந்து கிடந்தன. நான் முதலில் செய்த காரியம், ஹீட்டரைப் பிடுங்கி மோட்டாரைச் செருகியது. பத்து நிமிஷத்தில் ஸ்டெல்லா வந்தாள்.

"சனிக்கிழமை ரொம்ப நேரம் கரண்ட் இல்ல போலருக்கு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "சரி, விடு" என்றாள். ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவித் துடைத்து நாளிதழ் மேல் வைத்தாள். செத்த பிறகும் அந்த ஓடுகள் அப்படி மின்னின.

திரும்ப முதலிலிருந்து தொடங்க அவளுக்கு வசதிப்படவில்லை. அப்பாவால் அதன்பிறகு வேலைக்குப் போக முடியவில்லை. அவள் முசிறியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போய்விட்டாள். அடுத்த வருஷம் எங்கள் துறையில் நிரந்தரப் பணியிடம் ஒன்று வந்தது. பட்டம் முடித்திருந்த எனக்குக் கிடைத்தது.

பல வருஷம் கழித்து ஒருநாள் முசிறிக்கு பஸ் ஏறினேன். பள்ளிக்கூட வராந்தாவில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"எனக்குத் தெரியுங்க" என்றாள் ஸ்டெல்லா. "ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா அங்க வந்தேன். வாட்ச்மேன் கதவத் தொறந்துவிட்டாரு. ஹீட்டர் ஒயர் பிளக்ல இருந்துச்சு. எல்லாம் அப்பவே போயிடுச்சு. நான் எதையும் தொடல. திங்கக்கிழம நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

'நீங்க' என்கிறாளே என்று அப்போதுதான் உறைத்தது.

மணி அடித்தது. பிள்ளைகள் வகுப்புக்கு ஓடினார்கள். அவள் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு, சண்டையாக இல்லாமல், விவரம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"மறந்துதான போனீங்க?"

"ஆமா" என்றேன்.

தலையாட்டிவிட்டு வகுப்புக்குள் போனாள். திரும்பி வரும்போது வழியெல்லாம் காவிரி பக்கத்திலேயே வந்தது. நான் கேட்டுக்கொண்டே வந்தேன், மறந்துதான் போனேனா? அந்த மூன்று நாளில் ஒரு தடவைகூட, ஸ்ரீரங்கத்தில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தபோதெல்லாம், மோட்டார் என்ற சொல் மனசில் வரவே இல்லையா?

ஸ்டெல்லா போன வருஷம் இறந்துவிட்டாள். அவள் மகன் போன் செய்து, "அம்மா ஃபோன்ல உங்க நம்பர் இருந்துச்சு ஆன்ட்டி, அதான் சொல்லலாம்னு" என்றான். அந்த ஆய்வகத்தின் சுவரை இடித்து, பக்கத்து அறையோடு சேர்த்துக் கம்ப்யூட்டர் அறை ஆக்கிவிட்டார்கள். சுவர் முழுக்கப் பிளக், எண்ணி மாளாது. மறந்துதான் போனேன் என்று இன்னொரு தடவை, கொஞ்சம் உறுதியாகச் சொல்லிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.