ரூயின் நீக்கிய இண்டெக்ஸ்

என் பேத்தி ரூயின், ஆபீஸ் கணக்கையெல்லாம் அழித்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டு ஆஜூ சொல்லித் திரிவது சுத்தப் பொய். தைவானின் கீலுங் துறைமுகத்து மீன் ஏல அலுவலகக் கம்ப்யூட்டரில் அவள் நீக்கியது ஓர் இண்டெக்ஸை மட்டும்தான். படகின் பெயரை வைத்து மீன் பெட்டியைச் சட்டென்று தேட எப்போதோ போட்ட தேடல் அட்டவணை அது. இப்போது யாரும் அப்படித் தேடுவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு பெட்டியைப் பதியும்போதும் கம்ப்யூட்டர் அதையும் திருத்திக்கொண்டு திணறும். அதற்குள் மீன் தொளதொளத்துவிடும்.

நீக்கட்டுமா என்று கேட்டதற்கு மேலாளர், "செத்தவங்க ஆவியெல்லாம் சுத்துற ஆவி மாசத்துல எதையும் மாத்தாத. மெஷின் மேல பச்சை நொறுக்குத்தீனி பாக்கெட் வை, சமத்தா ஓடும்" என்றார். பச்சைப் பாக்கெட் மேலே இருந்தால் மெஷின் மக்கர் பண்ணாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அவள் பாக்கெட்டையும் வைத்தாள், ஒரே வரிக் கட்டளையில் இண்டெக்ஸையும் நீக்கினாள். ஏலம் பறந்தது. ஒரு பெட்டியின் பதிவுகூடத் தொலையவில்லை.

"செஞ்சது தப்புன்னு எல்லார் முன்னாடியும் சொல்லு, இல்லன்னா கிளம்பு" என்றார் மேலாளர், தன் பேச்சை மீறிவிட்டாளே என்ற கோபத்தில்.

"வேகமா ஓடுதே சார்."

"அது பாக்கெட்டு வெச்சதால."

"அப்ப அதையே வேலைக்கு வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, என் பேத்தி பையை மாட்டிக்கொண்டு தலை நிமிர்ந்து வாசலைத் தாண்டினாள்.